நரைக்கும் ஞானத்துக்கும் என்ன சம்பந்தம்?

போன வருஷம் எனக்கு 60 முடிந்தது. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமையே சபையில் என்னை முன்னால் கூப்பிட்டு, சால்வை போட்டு, மூத்தோர் ஐக்கியத்தில் சேர்த்துவிட்டு, "இனிமே அங்கிள்தான் எங்களுக்குப் புத்தி சொல்லணும்" என்றார்கள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. முந்தின நாள் சாயங்காலம் இங்கே மலேசியாவில், பினாங்கு பக்கம் பட்டர்வொர்த்தில் கார் நிறுத்த இடம் கிடைக்காமல் யாரோ ஒருவரிடம் கத்திவிட்டு வந்த அதே ஆள்தான் சால்வையோடு நின்றுகொண்டிருந்தேன்.

ஆராதனை முடிந்து எல்லாரும் மீகூன் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கும் ஒரு பையன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "வயசானா ஞானம் வரும்னு வேதாகமத்துல எங்க அங்கிள் இருக்கு?" என்று கேட்டான். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அவனுக்குச் சொன்னதையும், அப்போது சொல்ல வராமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் போதகர் இல்லை, வேதாகமக் கல்லூரி வாசலை மிதித்ததும் இல்லை, பக்கத்து ஊரான பிறையில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வேதாகமத்தைத் திறந்தே பார்க்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன்.

நம்மில் நிறையப் பேர் ஞானத்தை இபிஎஃப் என்கிற ஓய்வுக்காலச் சேமநிதி மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறோம். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துப் போட்டுவிடுவார்கள், நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, 55 ஆனதும் போய் எடுத்துக்கொள்ளலாம். அதே மாதிரி வருஷம் ஏற ஏற ஞானமும் தானாகக் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும், ஒருநாள் நரைத்த தலையோடு போய் நின்றால் மொத்தமாகக் கையில் வரும் என்று ஒரு நினைப்பு. வேதாகமம் இதற்கு ஒத்துக்கொள்கிறதா என்றால், கொஞ்சம் ஆமாம், நிறைய இல்லை.

ஒரே புத்தகத்துக்குள்ளேயே இரண்டு குரலும் இருக்கின்றன. யோபு 12ஆம் அதிகாரத்தில் முதியோரிடத்தில் ஞானம் இருக்கும் என்று ஒரு வசனம் வருகிறது (அதை யோபு ஒப்புக்கொண்டு சொன்னாரா, நக்கலாகச் சொன்னாரா என்பதில் வேத அறிஞர்களே இரண்டு பக்கமாக நிற்கிறார்கள்). 32ஆம் அதிகாரத்துக்கு வந்தால் எலிகூ என்கிற இளைஞன், பெரியவர்கள் பேசட்டும் என்று அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தவன், பொறுமை போய் எழுந்து "பெரியோரெல்லாம் ஞானிகளல்ல" என்று போட்டு உடைக்கிறான். நீதிமொழிகள் 16ஆம் அதிகாரம் நரைமுடியை மகிமையான கிரீடம் என்று சொல்கிறது, ஆனால் அதிலேயே ஒரு நிபந்தனையும் வைக்கிறது: அந்த நரை நீதியின் வழியில் வந்த நரையாக இருக்க வேண்டும். பிரசங்கி 4ஆம் அதிகாரம் இன்னும் கறார். ஆலோசனையைக் கேட்காத கிழ ராஜாவைவிட ஏழை வீட்டுப் புத்திசாலிப் பையன் மேல் என்கிறது.

அப்படியானால் ஞானம் என்றால் என்ன? இங்கே எபிரெய வார்த்தை ஒன்று தெரிந்திருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பழைய ஏற்பாட்டில் ஞானம் என்று வரும் இடங்களில் பெரும்பாலும் இருப்பது 'ஹொக்மா' என்ற சொல். நாம் ஞானம் என்றதும் தாடி, தியானம், தத்துவம் என்று போய்விடுகிறோம். ஆனால் யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தில் ஆசரிப்புக் கூடாரம் என்ற வழிபாட்டுக் கூடாரத்துக்குப் பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் மரத்திலும் வேலை செய்ய பெசலெயேல் என்ற கைவினைஞனைக் கடவுள் தேர்ந்தெடுக்கும்போது, அவனுக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படுவதும் இதே ஹொக்மாதான். கைத்திறமை. அதாவது வாழ்க்கையை, கடவுள் படைத்த விதத்துக்கு இசைவாக, வெட்டு பிசகாமல் செய்யத் தெரிந்த கை.

வெட்டு என்று சொன்னதும் எனக்கு என் பாட்டி ஞாபகம். நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டியவர். விடியாத இருட்டில் பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிடும் இடத்துக்குப் போய், வெயில் ஏறும் முன்னே மரங்களை வெட்டி முடித்துவிட வேண்டும், ஏனென்றால் குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக இறங்கும். பட்டையைக் கத்தியால் மெல்லிசாகச் சீவ வேண்டும். மேலோடு சீவினால் மரத்தில் மாட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் விழாது. கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் பட்டை திரும்ப வளரும்போது முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அங்கே ஒழுங்காகக் கத்தி வைக்க முடியாது. பாட்டி சொல்வார், வந்து மூன்று மாதத்தில் கை பழகிய பெண்களும் உண்டு, முப்பது வருஷம் பால் சுமக்கும் காண்டா வாளி தூக்கிவிட்டு இன்னும் மரத்தைக் காயப்படுத்துகிற ஆட்களும் உண்டு என்று. அந்த முப்பது வருஷக்காரரிடம் யாராவது போய் உங்கள் வெட்டு சரியில்லை என்று சொன்னால் அவ்வளவுதான், தோட்டமே அதிரும்!

எபிரெயர் 5ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தை நான் பாட்டியோடு சேர்த்துத்தான் வாசிப்பேன். பலமான ஆகாரம் 'பூரண வயதுள்ளவர்களுக்கு' உரியது என்று நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு சொல்கிறது. பூரண வயது என்றால் எழுபதா எண்பதா என்று பார்த்தால் அந்த வசனமே விளக்கமும் கொடுக்கிறது: நன்மை எது தீமை எது என்று பயிற்சியினால் பிரித்தறியப் பழகியவர்கள். மூலத்தில் இருக்கும் கிரேக்கச் சொல்லுக்கு முதிர்ச்சி, முழுமை என்று பொருள். வயது நாளைக் கொடுக்கிறது, பயிற்சியை நாம்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பயிற்சி எங்கே ஆரம்பிக்கிறது? "கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம்" என்று நீதிமொழிகள் 9:10. புதிதாக வருகிறவர்கள் பலர் இந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். அன்பே உருவான கடவுள் என்கிறீர்கள், அப்புறம் ஏன் பயம்? எனக்குத் தொழிற்சாலையில் கிடைத்த விளக்கம் இது. எங்கள் பகுதியில் கரண்டு வேலை பார்த்த ஒரு மூத்த மலாய்க்காரர் இருந்தார், சுவிட்சை அணைத்த பிறகும் சோதித்துப் பார்க்காமல் ஒரு கம்பியைக்கூடத் தொடமாட்டார். அவர் நடுங்குகிறாரா என்றால் இல்லை, மற்றவர்களைவிட நிதானமாக இருப்பார். கரண்டு தன்னைவிடப் பெரியது, தன் அவசரத்துக்கு அது வளைந்து கொடுக்காது என்று அவருக்குத் தெரியும். கர்த்தருக்குப் பயப்படுவது ஏறக்குறைய அந்த மாதிரி: இந்த உலகத்துக்கு நான் சொந்தக்காரன் இல்லை, எனக்கு மேலே ஒருவர் இருக்கிறார், அவர் வைத்த ஒழுங்குக்கு நான் இசைய வேண்டும் என்கிற நிதானம். உவமை முழுசாகப் பொருந்தாதுதான். கரண்டுக்கு நம்மேல் அன்பு கிடையாது.

இன்னொரு சந்தேகமும் வரும். இயேசு கடவுளின் குமாரன், அவரும் ஞானத்தில் வளர்ந்தார் என்று லூக்கா 2:52 சொல்கிறதே, அவருக்கே வளர வேண்டியிருந்ததா? கிறிஸ்தவ நம்பிக்கையின்படி அவர் மனிதனாகப் பாவனை செய்யவில்லை, முழுமையாகவே மனிதன், ஆகவே மனிதனுக்குரிய வளர்ச்சியும் அவருக்கு இருந்தது. அதற்குச் சற்று முன்னால் பன்னிரண்டு வயதில் எருசலேம் தேவாலயத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பாருங்கள், போதகர்கள் நடுவே உட்கார்ந்து கேட்டுக்கொண்டும் கேள்வி எழுப்பிக்கொண்டும் இருந்தார். வளர்வது ஒரு குறை இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

இப்போது இஸ்ரவேலின் ராஜா சாலொமோனுக்கு வருவோம், இந்த விஷயத்தில் என்னை உண்மையிலேயே பயமுறுத்துகிற ஆள் அவர்தான். ஆட்சியின் தொடக்கத்தில் கடவுள் கனவில் வந்து என்ன வேண்டும் என்று கேட்க, நான் சிறுபிள்ளை, போக்குவரவு அறியேன் என்று சொல்லி அவர் கேட்டது ஞானமுள்ள இருதயம். தமிழில் அப்படித்தான் இருக்கிறது. எபிரெயத்தில் அது எழுத்துக்கு எழுத்து 'கேட்கிற இருதயம்'. காது உள்ள இருதயம் என்றே வைத்துக்கொள்ளலாம். கேட்டார், கிடைத்தது, உலகமே அவரைப் பார்க்க வந்தது. ஆனால் 1 இராஜாக்கள் 11ஆம் அதிகாரத்தில் ஒரு வசனம் வருகிறது, சாலொமோன் வயதுசென்றபோது அவருடைய இருதயம் வேறு தெய்வங்கள் பக்கம் சாய்ந்தது என்று. கவனியுங்கள், வயதுசென்றபோது. இளமையில் ஞானியாக இருந்த ஒருவர் முதுமையில் மூடராகிவிட்டார். நாற்பது வருஷம் ராஜாவாக இருந்தவரிடம் யாராவது எதிர்த்துப் பேசினார்களா, பேசினாலும் அவர் காதில் ஏறியிருக்குமா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. கேட்கிற இருதயம் கொஞ்சம் கொஞ்சமாகச் செவிடாகிவிட்டது, அவ்வளவுதான் எனக்குத் தோன்றுவது.

அவர் மகன் ரெகொபெயாமின் கதையைப் பிரசங்கங்களில் பெரும்பாலும் இளைஞர்களைக் குட்டுவதற்குப் பயன்படுத்துவார்கள். ஜனங்கள் வந்து உங்கள் அப்பா வைத்த பாரத்தைக் குறையுங்கள் என்று கேட்கிறார்கள். முதியவர்கள், இன்றைக்கு நீங்கள் இவர்களுக்குச் சேவகனாக இருந்து நல்ல வார்த்தை சொன்னால் காலமெல்லாம் இவர்கள் உங்களோடு இருப்பார்கள் என்கிறார்கள். தன்னோடு வளர்ந்த வாலிபர்களோ, என் சுண்டுவிரல் என் அப்பாவின் இடுப்பைவிடப் பருமன் என்று சொல்லச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவர் வாலிபர் பேச்சைக் கேட்டார், ராஜ்யம் இரண்டாக உடைந்தது. எல்லாம் சரி. ஆனால் 14ஆம் அதிகாரத்தைப் புரட்டினால் ரெகொபெயாம் ராஜாவானபோது வயது 41 என்று இருக்கிறது. கூட வளர்ந்த 'வாலிபர்'களும் ஏறக்குறைய அதே வயதுதானே! ஆக, இது சின்னப் பையன்கள் கெடுத்த கதை இல்லை. நாற்பது வயதுக்காரர்கள், தங்களுக்குப் பிடித்ததைச் சொல்கிறவர்களை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்ட கதை.

மறுபக்கத்தில் மோசே இருக்கிறார். எகிப்து ராஜா பார்வோன் முன்னால் போய் நின்றபோது அவருக்கு வயது 80. அதற்குப் பிறகு, செங்கடலைக் கடந்து வந்த பெரிய தலைவராக இருக்கும்போது, மாமனார் எத்திரோ வந்து பார்த்துவிட்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை நீ ஒருத்தனே உட்கார்ந்து வழக்கு விசாரிப்பது நல்லதல்ல, ஆட்களை வைத்துப் பிரித்துக்கொடு என்கிறார். மோசே உடனே செய்கிறார். எண்பது வயதில் மாமனார் சொல் கேட்ட மனிதர்! நம் ஊரில் முப்பதிலேயே கேட்பதில்லை.

எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபைத் தேற்ற வந்த நண்பர்களையும் விட்டுவிடக் கூடாது. எலிப்பாஸ் ஒரு இடத்தில், உன் அப்பாவைவிட வயதானவர்கள்கூட எங்கள் பக்கம் இருக்கிறார்கள் என்று யோபிடம் மார்தட்டுகிறார். அந்த மூவரும் முதலில் வந்தபோது ஏழு பகலும் ஏழு இரவும் யோபோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த ஏழு நாளும் அவர்கள் ஞானிகள்தான், வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. கடைசியில் கடவுள் அவர்களைப் பார்த்து, நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று கோபப்படுகிறார். நம் துக்க வீடுகளில் நடப்பதும் இதுதானே. பெட்டி இன்னும் வீட்டைவிட்டுப் போயிருக்காது, அதற்குள் ஒரு பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இந்தச் சாவு ஏன் வந்தது என்று விளக்க ஆரம்பித்துவிடுவார். (எலிகூவை நான் ரொம்பவும் தூக்கிப் பிடிக்க மாட்டேன். அவனும் ஆறு அதிகாரம் நிறுத்தாமல் பேசுகிறான்.)

என் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் மற்றவர்களைச் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது. 2019 கடைசியில் எங்கள் சபைக் குழுவில், கணக்குப் படித்த ஒரு பிள்ளை, காணிக்கைக்கு, கைப்பேசியில் பணம் செலுத்தும் டூயிட்நவ் கியூஆர் குறி ஒன்று வைக்கலாம், இளையவர்கள் யாரும் இப்போது ரொக்கம் வைத்துக்கொள்வதில்லை என்று சொன்னது. நான் அப்போது பொருளாளர். "காணிக்கை என்ன மாமாக் சாப்பாட்டுக் கடை பில்லா?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பிள்ளை உட்கார்ந்துவிட்டது. நான் ஏதோ பரிசுத்தத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். 2020 மார்ச் 18ஆம் தேதி கோவிட்டுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. ஆலயக் கதவு மூடியது. அந்த வருஷம் ஈஸ்டர் ஏப்ரல் 12, வீட்டுக் கூடத்தில் கைப்பேசியை டிவி மேல் சாய்த்து வைத்துக்கொண்டு ஆராதித்தோம். காணிக்கைப் பை எங்கே சுற்றும்? ஆலயக் காவலாளி சம்பளம், மின்சாரக் கட்டணம், அதைவிட முக்கியமாக வேலை போன குடும்பங்களுக்கு அரிசி பருப்பு. நான்தான் அந்தப் பிள்ளைக்குப் போன் செய்தேன். ஒரு வார்த்தை குத்திப் பேசியிருக்கலாம், பேசவில்லை. "சரி அங்கிள், பேங்க் விவரம் அனுப்புங்க" என்றது, அவ்வளவுதான்.

யாக்கோபு 3ஆம் அதிகாரத்தில் மேலேயிருந்து வருகிற ஞானத்துக்கு அடையாளங்கள் வரிசையாக வருகின்றன: சுத்தம், சமாதானம், சாந்தம், இணக்கம், இரக்கம், பட்சபாதம் இல்லாமை. அந்தப் போன் பேச்சில் இவையெல்லாம் யார் பக்கம் இருந்தன என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அனுபவம் முழுக்க என் பக்கம் இருந்தது. இருபது வருஷக் கணக்குப் புத்தகங்கள் என் அலமாரியில் இருந்தன. அனுபவம் இரண்டு விதமாகவும் போகும், ஒருவரை மிருதுவாக்கும், இன்னொருவரை இறுக்கிவிடும், ஒரே ஆளைக்கூட திங்கட்கிழமை ஒரு மாதிரியும் வியாழக்கிழமை வேறு மாதிரியும் ஆக்கும்.

கத்தோலிக்க நண்பர்களுக்கு இங்கே ஒரு கூடுதல் வசதி உண்டு. அவர்களுடைய வேதாகமத்தில் 'சாலமோனின் ஞானம்' என்று ஒரு நூல் இருக்கிறது, எங்களைப் போன்ற சீர்திருத்தச் சபைகளின் வேதாகமத்தில் இல்லை. அதன் 4ஆம் அதிகாரம், முதுமையின் மேன்மையை வருஷக் கணக்கால் அளப்பதில்லை, ஞானம்தான் மனிதருக்கு நரைமுடி என்ற கருத்தைச் சொல்கிறது. புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு ஜூலை மாதம் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும், மெழுகுவர்த்தியோடு நிற்கும் அந்தக் கூட்டத்தில் பாட்டிகள் எத்தனை பேர், கையைப் பிடித்துக்கொண்டு பேரப்பிள்ளைகள் எத்தனை பேர் என்று. மரபின்படி அன்னம்மாள் மரியாளின் தாய், இயேசுவுக்குப் பாட்டி. அவர் பெயர் வேதாகமத்தில் வராது, இரண்டாம் நூற்றாண்டு நூல் ஒன்றிலிருந்து வந்த மரபு அது. வேதாகமத்தில் வருவது வேறொரு அன்னாள், லூக்கா 2இல், எண்பத்துநாலு வயது விதவை, ஏழு வருஷம் மட்டுமே கணவனோடு வாழ்ந்தவர், தேவாலயத்தைவிட்டு நீங்காதவர். பெரிய ஆட்களெல்லாம் கடந்து போன கூட்டத்தில், ஏழைத் தம்பதி தூக்கி வந்த ஒரு கைக்குழந்தையை யாரென்று கண்டுகொண்டவர்களில் அவர் ஒருவர். அத்தனை வருஷ ஜெபம் அவருக்குக் கொடுத்தது அந்தப் பார்வை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

பார்வை என்றதும் என் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்புரை அறுவைக்குப் பிறகும் இரவில் எதிரே வரும் விளக்கு எனக்குக் கூசுகிறது, பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர், இருட்டில் ஓட்ட எனக்குத் தைரியம் இல்லை. இப்போது தீவில் கூட்டம் இருந்தால் அக்கா மகன் வந்து கூட்டிப்போகிறான், அவன் பாட்டு, அவன் வேகம், அவன் ஏசி குளிர். யோவான் 21இல் இயேசு தம் சீடர் பேதுருவிடம், இளவயதில் நீயே கச்சை கட்டிக்கொண்டு இஷ்டப்பட்ட இடத்துக்குப் போனாய், முதிர்வயதில் வேறொருவன் கட்டி உனக்கு இஷ்டமில்லாத இடத்துக்குக் கொண்டுபோவான் என்கிறார். அது பேதுருவின் மரணத்தைக் குறித்துச் சொன்னது என்று அடுத்த வசனமே விளக்குகிறது, தெரியும். ஆனாலும் காரின் இடது பக்க இருக்கையில் உட்கார்ந்துகொண்டு "பிரேக் பிடிடா" என்று சொல்லாமல் வாயைக் கட்டிக்கொண்டிருக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வசனம்தான் ஞாபகம் வருகிறது. நம்மை இன்னொருவர் தூக்கிப்போக விடுவதும் ஒரு கைத்திறமைதான், எனக்கு இன்னும் படியவில்லை.

சரி, புதிதாக ஆரம்பிக்கிறவர் என்ன செய்யலாம்? முதலாவது, கேட்கலாம். ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கட்டும், அவர் யாரையும் கடிந்துகொள்ளாமல் கொடுப்பார் என்று யாக்கோபு 1:5. கடிந்துகொள்ளாமல் என்ற வார்த்தை எனக்குப் பிடிக்கும், இவ்வளவு வயசாகியும் இது தெரியலையா என்று அவர் கேட்க மாட்டார். அப்புறம் எண்ணலாம். மோசேயின் ஜெபமாகிய சங்கீதம் 90, மனிதன் ஆயுசு எழுபது வருஷம், பெலன் மிகுந்தால் எண்பது என்று சொல்லிவிட்டு, நாங்கள் ஞான இருதயமுள்ளவர்களாகும்படி எங்கள் நாட்களை எண்ணும் அறிவைப் போதித்தருளும் என்று கேட்கிறது. எனக்கு இப்போது 61. எழுபது என்று வைத்தால் ஏறக்குறைய 468 ஞாயிற்றுக்கிழமைகள். எழுதி வைத்துப் பார்த்த அன்றைக்குத்தான் ஒருவரோடு இருந்த பழைய பேச்சுவார்த்தையில்லாத் தகராறை முடிக்கப் போன் எடுத்தேன்.

வாசிக்க வேண்டுமானால் நீதிமொழிகளில் தொடங்குங்கள். மொத்தம் 31 அதிகாரம், தேதி என்னவோ அந்த அதிகாரம், பத்து நிமிஷம்கூட ஆகாது. அந்தப் பையனுக்கும் இதைத்தான் சொன்னேன். 31ஆம் அதிகாரம் லேமுவேல் என்கிற ராஜாவுக்கு அவன் அம்மா சொல்லிக்கொடுத்தது: குடிக்காதே, வாயில்லாதவர்களுக்காக உன் வாயைத் திற. அத்தனை ஞானமொழிகளும் சொல்லி முடிந்த பிறகு கடைசியாகப் பேசுவது ஒரு அம்மா, உட்கார்ந்து கேட்பது ஒரு ராஜா. ஒரே சிக்கல், 30 நாளோடு முடிகிற மாதங்களில் அந்த அம்மா விடுபட்டுப் போவார். நான் 30ஆம் தேதியே இரண்டையும் சேர்த்து வாசித்துவிடுவேன். பிப்ரவரிக்குத்தான் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.